ஊர்க் கண்மாயும் நாம் அளித்த தீர்ப்பும்

நம் பங்கின் இளைஞர்கள் சென்ற மாதம் ஒரு பட்டிமன்றம் நடத்தினர். சுற்றுச்சூழல் சீர்கேட்டினின்று நம்மைக் காக்க வல்லது ஊர்களின் தன்னிறைவா, அரசின் திட்டங்களா என்பது தலைப்பு. நடுவராக அமரும் பொறுப்பு நம்மீது விழுந்தது. பங்குக் குருவுக்குக் கேளாமலே கிடைக்கும் பதவிகளுள் இதுவும் ஒன்று. இரு தரப்பினரையும் செவிமடுத்தபின், தன்னிறைவே என்று தீர்ப்பளித்தோம். கைதட்டல் பலமாக இருந்தது. அறைக்குத் திரும்பிப் படுத்தபோதுதான், அத்தீர்ப்பு வேறு யார் வாயிலிருந்து வந்திருந்தாலும் நம் வாயிலிருந்து வந்திருக்கத் தகாது என்னும் எண்ணம் எழுந்து உறக்கத்தைக் கெடுத்தது. அதற்குக் காரணமான பழைய நிகழ்ச்சி ஒன்றை வாசக அன்பர்களிடம் கூறிவிடுவதே முறையென்று கருதுகிறோம்.

முதலில் பட்டிமன்றத்தைப் பற்றிச் சிறிது. தன்னிறைவின் பக்கம் பேசிய இளைஞர் நன்கு ஆயத்தம் செய்து வந்திருந்தார். ஜே. சி. குமரப்பாவை அவர் எடுத்துக்காட்டியது நமக்குப் பெருமகிழ்ச்சி அளித்தது. நம் மக்களுள் பலர் அப்பெயரையே கேட்டதில்லை. 1892-இல் தஞ்சையில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ் என்ற பெயரோடு பிறந்தவர் அவர். இலண்டனில் கணக்காயர் பயிற்சியும், அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பும் பெற்றார். பின்னர்க் காந்தியடிகளோடு இணைந்து கிராமத் தொழில்களுக்கே தம் வாழ்நாளை அளித்தார். நிலைத்து நிற்கும் பொருளாதாரம் எது என்பது பற்றி அவர் சிறையிலிருந்தபடி எழுதிய ஆங்கில நூல் 1945-இல் வெளிவந்தது. நிலக்கரியும் எண்ணெயும் தொட்டியில் தேங்கிய நீர் போன்றவை, எடுக்க எடுக்கக் குறையும், குறையும் பொருளுக்காக நாடுகள் மோதிக்கொள்ளும். மரமும் தானியமும் ஓடும் நீர் போன்றவை, அளவறிந்து எடுப்பவனுக்கு என்றும் கிடைக்கும் என்பது அவர் கருத்தின் சாரம். மதுரைக்கு அருகே டி. கல்லுப்பட்டியில் இறுதி நாள்களைக் கழித்து, 1960 ஜனவரி 30 அன்று மறைந்தார்.

எதிர்த்தரப்பில் பேசியவள் கல்லூரி மாணவி. அவளுடைய தாய்வழி உறவினர் தூத்துக்குடிப் பகுதியினர். 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்திற்குள் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதையும், குளங்கள் பல உடைப்பெடுத்ததையும் அவள் விவரித்தாள். திருவைகுண்டம் இரயில் நிலையத்தில் ஏறத்தாழ 800 பயணிகள் வெள்ளத்தின் நடுவே அகப்பட்டுக்கொண்டபோது, தாங்களே வெள்ளத்தால் சூழப்பட்டிருந்த புதுக்குடி ஊரார் கையிலிருந்த அரிசியைக் கொண்டு அவர்களுக்குச் சமைத்துப் போட்டார்கள். அதை அவள் மறைக்கவில்லை. "சோறு போட்டது ஊர்தான், ஐயா. ஆனால் அந்த மழையை எந்த ஊர் தன் கரைக்குள் அடக்கியிருக்க முடியும்?" என்று நம்மை நோக்கிக் கேட்டாள். நாம் புன்னகைத்துவிட்டு மணியை அடித்தோம். அவளுக்குரிய நேரம் முடிந்திருந்தது.

இனி நாம் சொல்ல வந்தது.

2016-ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்துபோனது பலருக்கு நினைவிருக்கலாம். அப்போது நாம் சிவகங்கைச் சீமையில் ஒரு சிற்றூர்ப் பங்கில் பணியாற்றினோம். ஊர்க் கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வெடிப்பு இல்லாத இடமெல்லாம் சீமைக்கருவேலம். மடையின் வாய் மண்ணுக்குள் புதைந்திருந்தது. தமிழகத்தில் ஏறத்தாழ 39,000 ஏரி, கண்மாய்கள் இருப்பதாகக் கணக்கு. அவற்றுள் 40 எக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டு உள்ளவை ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பில் இருப்பவை. நம் ஊர்க் கண்மாயும் அத்தகையதே. யாருடைய பொறுப்பு என்பது ஏட்டில் தெளிவாக இருந்தது.

2017 தவக்காலத்தில் மறையுரையில் இதைப் பற்றிப் பேசினோம். நம் முன்னோர் குடிமராமத்து என்ற பெயரில் தம் கண்மாய்களைத் தாமே பேணி வந்தனர், அரசிடம் கையேந்தவில்லை, வீட்டுக்கு ஓர் ஆள் வந்து மண் சுமந்தனர், நாமும் அவ்வாறே செய்வோம் என்றோம். அதே ஆண்டில் அரசும் அப்பழைய பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கியிருந்தது. முதற்பட்டியலில் எம் கண்மாய் இடம்பெறவில்லை. ஆகவே தன்மானம் மேலும் கிளர்ந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தலைமையில் குழு அமைந்தது. வட்டாட்சியர் அலுவலகத்திற்குப் பலமுறை நடந்து அனுமதி பெற்றோம். வெளிநாட்டிலும் திருப்பூரிலும் வேலை பார்த்த பிள்ளைகள் பணம் அனுப்பினர். மண் அள்ளும் இயந்திரம் வந்தது. இயந்திரம் புகமுடியாத மடைப்பக்கத்தில் மக்கள் கூடையும் மண்வெட்டியுமாக இறங்கினர். நாமும் ஒரு நாள் கூடை சுமந்தோம். அதை ஒருவர் படமெடுத்தார். அப்படம் நமக்குப் பிடித்திருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

மூன்றாம் வாரம் கீழத்தெரு மக்கள் வேலைக்கு வரவில்லை. காரணம் அறிய உபதேசியாரை அனுப்பினோம். அவர் மழுப்பலான பதிலோடு திரும்பினார். நாமே சென்றோம். திண்ணையில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் எழுந்து நின்றார். "உட்காருங்கள் பாட்டி" என்று கூறி நாமும் அமர்ந்தோம். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறோம்:

"சாமி, மண்ணு செமக்கிறது எங்களுக்குப் புதுசில்ல. எங்க மாமனாரு அந்தக் கண்மாய்க்கு நீர்பாய்ச்சி. ராத்திரியில மடைக்குள்ள முங்கித் தொறப்பாரு. அவருக்கு அந்தத் தண்ணியில ஒரு குழி நெலம் கெடையாது. கோயில்ல நீங்க 'நம்ம கண்மாய், நம்ம கண்மாய்'ன்னு சொன்னீங்க. எங்க கண்மாயா சாமி அது?"

நமக்கு விடை தெரியவில்லை. அன்றிரவு, நாம் மறையுரையில் புகழ்ந்த குடிமராமத்தின் வரலாற்றைத் தேடிப் படித்தோம். படித்துவிட்டுப் பேசியிருக்க வேண்டும். 1858-ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டிருக்கிறது. கரை உடைப்பெடுக்கும் வேளையில் ஆள்களை வேலைக்கு இழுக்கவும், வழக்கப்படி தரவேண்டிய உழைப்பைத் தராதவரிடம் தண்டம் வசூலிக்கவும் அது வகை செய்தது. எல்லாரும் மனமுவந்து கூடை தூக்கிய பொற்காலம் ஒன்று இருந்திருந்தால், அத்தகைய சட்டத்திற்குத் தேவை என்ன? கரை காப்பதும் நீர் பாய்ச்சுவதும் பல ஊர்களில் தலித் மக்களின் தலையில் வைக்கப்பட்டன; நிலமும் கண்மாய் மீனும் பிறர்க்கு உரியனவாயிருந்தன. ஒரே பீடத்திலிருந்து நற்கருணை வாங்கும் ஊரிலும் இதுவே நிலைமை. மற்றொன்றையும் நாம் எண்ணிப் பார்க்கவில்லை. சீமைக்கருவேலத்தை வெட்டி எறிந்தது நிலத்தடி நீருக்கு நன்மையென்றே நம்பினோம்; ஆனால் கீழத்தெருவில் பல குடும்பங்கள் அம்மரத்தைக் கொண்டு கரிமூட்டம் போட்டுத்தான் மழையற்ற மாதங்களில் உலை வைத்தன. வெட்டிய மரத்தைக் குழு ஒரு வியாபாரிக்கு விற்றிருந்தது. அவர்களைக் கேட்கவே இல்லை.

குழுவைக் கூட்டினோம். கூட்டம் சுமுகமாக நடந்தது என்று எழுதினால் பொய்யாகும். மரம் விற்ற பணத்தில் ஒரு பகுதியைக் கீழத்தெருவுக்குத் தருவதென்றும், மீன் ஏலத்தில் அத்தெருவுக்கும் பங்கு உண்டென்றும் முடிவாக நான்கு கூட்டங்கள் ஆயின. ஒரு குடும்பத்தார் அதன்பின் சில மாதங்கள் பூசைக்கு வேறு ஊருக்குச் சென்றனர். வேலை மீண்டும் தொடங்கி, ஆவணிக்குள் முடிந்தது.

ஐப்பசியில் மழை பெய்தது. கண்மாயில் முழங்கால் அளவுக்கு மேல் நீர் ஏறவில்லை. வரத்துக்காலோடு நடந்து பார்த்த இளைஞர்கள் செய்தி கொண்டுவந்தனர்: நமக்கு மேலேயுள்ள ஊரார் தங்கள் கண்மாயின் கலுங்கின்மேல் மணல் மூட்டைகளை அடுக்கி, நீர் வழிந்து வராதபடி உயர்த்தியிருந்தனர். நம் சீமையில் கண்மாய்கள் சங்கிலித் தொடராக அமைந்தவை என்பது உங்களுள் பலர்க்குத் தெரியும். மேல்கண்மாய் நிரம்பிக் கலுங்கு வழிந்தால்தான் கீழ்க்கண்மாய்க்கு நீர். நம் இளைஞர்கள் கொதித்தனர், நாமும் கொதித்தோம். இரண்டு பெரியவர்களை அழைத்துக்கொண்டு அவ்வூருக்குச் சென்றபோது, அவர்கள் மரியாதையாக வரவேற்றுக் காப்பி கொடுத்துவிட்டுக் கூறியது இது: "சாமி, நாங்களும் உங்களைப் போலத்தான். யாரையும் நம்பாம எங்க கண்மாய எங்க சொந்தக் காசுல தூர்வாரினோம். எங்க ஊருக்கு வேண்டிய தண்ணிய நாங்க வச்சிக்கிறோம்."

நாம் மறையுரையில் சொன்ன சொற்களே, எழுத்துப் பிசகாமல் நமக்குத் திரும்பி வந்தன.

திரும்பும் வழியில் ஆசிரியர் மெல்லக் கூறினார்: "நாம வெட்டுன ஆழத்துக்கு, நமக்குக் கீழ இருக்கிற ஊருக்கும் இந்த வருசம் ஒரு சொட்டும் போயிருக்காது, சாமி." அவ்வூர் மக்களைப் பற்றி அதுவரை நாம் ஒருமுறையேனும் நினைத்ததில்லை.

மறு ஆண்டு, மூன்று ஊர்ப் பெரியவர்களும் பொதுவான ஓரிடத்தில் கூடினர். கலுங்கு எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்பதில் ஆளுக்கொரு கதை. தாத்தா சொன்ன அளவு, பாட்டன் நட்ட கல் என்று பேச்சு வளர்ந்ததேயொழிய, ஓர் ஊரின் அளவை மற்ற ஊர் ஏற்கவில்லை. இறுதியில், எந்த ஊரையும் சாராத ஒருவர் அளக்கட்டும் என்று ஒப்புக்கொண்டு, மூவரும் ஒரே மனுவில் கையொப்பமிட்டு அரசுப் பொறியாளரை வரவழைத்தோம். இளவயதினர் அவர். அளவுக் கருவியை முக்காலியில் நிறுத்தி, பழைய பதிவேட்டைப் புரட்டி, மேல்கலுங்கில் ஒரு கோடு கிழித்தார். அக்கோட்டை மூன்று ஊரும் ஏற்றன. எந்தத் தன்னிறைவு அக்கோட்டைக் கிழித்திருக்கும்? அவர் ஒரு நாள் செய்த வேலையை நம் மூன்று ஊரின் உழைப்பும் பணமும் செய்ய முடியவில்லை. அதேவேளை, ஊரார் ஒன்றுகூடி மனு எழுதாதிருந்தால் அவர் அங்கு வந்தேயிருக்க மாட்டார் என்பதும் உண்மை.

குருத்துவக் கல்லூரியில் பயின்றபோது, திருத்தந்தை பதினோராம் பயஸ் 1931-இல் எழுதிய சுற்றுமடலில் ஒரு கோட்பாட்டைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தோம். சிறு அமைப்பு தானே செய்யக்கூடியதைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்ளலாகாது என்பது அது. பட்டிமன்றத் தீர்ப்பிலும் அதையே மேற்கோளாக முழங்கினோம். ஆனால் இலத்தீன் மொழியில் அக்கோட்பாட்டின் பெயரே 'உதவி' என்னும் பொருள்தரும் சொல்லிலிருந்து பிறந்தது. சிறியது தாங்க முடியாதபோது பெரியது துணைநிற்க வேண்டும் என்பது அதன் மறுபாதி. நாம் மனப்பாடம் செய்தது முதற்பாதியை மட்டுமே போலும். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இன் சுற்றுமடலில், தம் ஆற்றல் தேவையைத் தாமே நிறைவுசெய்துகொள்ளும் உள்ளூர்க் கூட்டுறவுகளைப் பாராட்டினார். எட்டு ஆண்டுகள் கழித்து, 2023 அக்டோபரில் வெளியிட்ட மடலில், குடும்பங்களின் முயற்சிகள் போற்றத்தக்கவை எனினும் மிகப் பயன்தரும் தீர்வுகள் நாடுகளின் பெரிய அரசியல் முடிவுகளிலிருந்தே வரும் என்று எழுதினார். முன்னதைப் பலமுறை மறையுரையில் பயன்படுத்தியிருக்கிறோம். பின்னதை ஒருமுறையும் இல்லை. ஊர் மக்களைக் கூடை தூக்கச் சொல்வது எளிது, கேட்டவுடன் வந்துவிடுவார்கள். நிலக்கரியை எரிப்பவர்களிடமும், சட்டம் இயற்றுபவர்களிடமும் கேட்பது அத்துணை எளிதன்று.

மாற்றலாகி வந்து ஆண்டுகள் பல ஆயின. சென்ற கோடையில் ஒரு திருமணத்திற்காக அவ்வூருக்குச் சென்றிருந்தோம். மேல்கலுங்கில் அக்கோடு இருக்கிறது. யாரோ அதற்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள். மூன்றாம் ஊரார் அது நான்கு விரல் உயரமாகிவிட்டது என்று இப்போது வழக்காடுகிறார்களாம். மீன் ஏலப் பங்கு கீழத்தெருவுக்கு இரண்டு ஆண்டுகள் கிடைத்தது. மூன்றாம் ஆண்டு கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது என்று அம்மூதாட்டியின் மகன் கூறினார். பாட்டி இறந்துவிட்டார்.

பட்டிமன்றத்தில் பேசிய மாணவியை ஞாயிறு பூசைக்குப்பின் அழைத்து, அவளுடைய கேள்விக்கு விடை சொல்லாமல் மணியடித்தது தவறு என்றோம். அடுத்த கூட்டத்தில் தீர்ப்பைத் திருத்தி வாசிக்க இசைவு கேட்டோம். இளைஞர் தலைவரிடம் கேட்டுச் சொல்வதாகக் கூறிச் சென்றிருக்கிறாள்.