ஓரக்குறிப்பு

பிரெஞ்சு முறைப் பிறப்புப் பதிவேட்டில் பக்கத்தின் ஓரத்தை 'மார்ஜ்' என்போம். குழந்தை வளர்ந்து திருமணம் செய்துகொண்டால் அந்த விவரம் அங்கே ஏறும். மூலப் பதிவு அப்படியே இருக்கும்.

இப்போது நான் பழகிவரும் 'ஆர்' என்ற புள்ளியியல் மொழியிலும் இப்படி ஓர் ஓரம் உண்டு. 'கமென்ட்' என்ற கட்டளையால் அட்டவணையோடு ஒரு குறிப்பை ஒட்டிவிடலாம். அட்டவணையைத் திரையில் விரித்தால் அது தெரியாது. அதே கட்டளையால் கேட்டால் வரும்.

என் மனைவியின் சர்க்கரை அளவுகளை இதில்தான் வைத்திருக்கிறேன். 'மார்ச் வரை வெறும் வயிற்றில். ஏப்ரல் முதல் சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து' என்பது குறிப்பு. இதை அறியாதவர் பார்த்தால், ஏப்ரலில் சர்க்கரை எகிறிவிட்டது என்று மாத்திரையைக் கூட்டச் சொல்வார்.

ஆர்.டி.எஸ். கோப்பாகச் சேமித்தால் குறிப்பு கூடவே இருக்கும். சி.எஸ்.வி. ஆக்கினால் எண்கள் மட்டும் போகும். குறிப்பு சத்தமில்லாமல் உதிர்ந்துவிடும். ஆகவே மருத்துவருக்குக் கொடுக்கும் பிரதியில் 'எப்போது எடுத்தது' என்று தனி நெடுவரிசையே போட்டுவிடுகிறேன்.

நமக்கான நினைவூட்டல் மறைவில் இருக்கலாம். அடுத்தவர் பார்த்து முடிவெடுக்க வேண்டிய விவரம் அட்டவணைக்குள்ளேயே இருக்க வேண்டும்.