எந்த வெளிச்சத்தில் பார்ப்பது?

விசாகப்பட்டினத்திலிருந்து அரக்கு போகும் பாதையில் போரா குகைக்கென்றே ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. குகைக்குள் நுழைந்ததும் முதலில் அசரடிப்பது உயரம். அடுத்தது நிறம். ஒரு மூலையில் பாறை பச்சையாக நிற்கிறது. பத்தடி தள்ளி ஊதா. படியிறங்கினால் குங்குமச் சிவப்பு. எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த ஒரு சிறுமி, "இதுக்கெல்லாம் யாருப்பா பெயின்ட் அடிச்சாங்க?" என்றாள். "அதெல்லாம் இயற்கைம்மா" என்றார் அப்பா. அவள் நம்பவில்லை. பாறைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த விளக்கைக் கண்டுபிடித்து அதன் முன்னால் கையை நீட்டினாள். கையும் பச்சையாகிவிட்டது. அப்பாவுக்கும் ஆராய்ச்சிக்கும் அத்தோடு வேலை முடிந்தது.

குகைகளுக்குப் போகும்போது பையில் ஒரு சிறிய டார்ச் வைத்துக்கொள்வது என் பழக்கம். வண்ண விளக்குகளின் வீச்சுக்குத் தப்பிய ஒரு மடிப்பில் அதை அடித்துப் பார்த்தேன். பாலாடை வெண்மை, மண் மஞ்சள், அங்கங்கே தேன் பழுப்பு. கூரையிலிருந்து தொங்கும் சுண்ணாம்பு விழுதுகளில் ஈரம் வழிந்த தடம், ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்த அடுக்குகள், நுனியில் நிற்கும் துளி எல்லாம் தெரிந்தன. பச்சை விளக்கு இவை அத்தனையையும் ஒரே பூச்சில் மெழுகிவிட்டிருந்தது. கல்யாண மண்டப வாசலுக்குப் பொருந்துகிற விளக்கை ஒரு குகைக்குள் ஏன் போட வேண்டும் என்று எனக்கு இன்றும் புரியவில்லை.

சரி, வண்ண விளக்குகளைக் கழற்றிவிடுவோம். எதை மாட்டுவது? ஜவுளிக்கடையில் பட்டுப்புடவையை வாசலுக்கு எடுத்துப்போய்ப் பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தால்தான் நம் வீட்டுப் பெண்களுக்கு மனசு ஆறும். கடை விளக்கு ஒரு நிறம் சொல்லும், தெரு வேறு நிறம் சொல்லும், தெரு சொல்வதே தீர்ப்பு. குகைக்கு அப்படி எடுத்துப்போய்ப் பார்க்க வாசல் இல்லை. ஆந்திரத்தின் பேலம் குகை மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. அதன் உட்பகுதிகளில் வெயில் ஒருநாளும் விழுந்ததில்லை. பல்லாவரத்தில் 1863இல் கற்கோடரியைக் கண்டெடுத்த அதே ராபர்ட் புரூஸ் ஃபூட்தான் 1884இல் பேலத்தைப் பற்றியும் பதிவு செய்தார். அன்று அங்கே போனவர்கள் கையில் இருந்திருக்கக்கூடியது ஏதாவதொரு தீச்சுடர். அவர்கள் பார்த்த பேலமும் இன்று மின்விளக்கில் நாம் பார்க்கும் பேலமும் கல்லில் ஒன்று, நிறத்தில் ஒன்றல்ல.

காரணம் எளிது. பாறை தானாக எந்த நிறத்தையும் உமிழ்வதில்லை. விழுகிற ஒளியில் சிலவற்றை விழுங்கி, மிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. விளக்கில் இல்லாத நிறத்தைப் பாறையால் திருப்பித் தர முடியாது. பழைய குறைந்த அழுத்த சோடியம் விளக்கின் ஒளி கிட்டத்தட்ட முழுக்க 589 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய மஞ்சள். அதன் கீழே நீலச்சட்டையும் சிவப்புச்சட்டையும் வெறும் கறுப்பும் பழுப்பும்தான். மெர்குரி விளக்கில் நீலமும் பச்சையும் தாராளம், சிவப்புக்குப் பஞ்சம். அதனால்தான் அதன் அடியில் மனித முகங்கள் நோயில் கிடந்து எழுந்தவை போலத் தெரிகின்றன. குண்டு பல்பு எல்லா நிறத்தையும் தருகிறது, ஆனால் சிவப்பை அள்ளியும் நீலத்தைக் கிள்ளியும் தருகிறது. இப்போதைய வெள்ளை எல்இடி உண்மையில் ஒரு நீல விளக்கு. அதன்மேல் பூசிய பாஸ்பர் நீலத்தில் ஒரு பங்கை மஞ்சளாக மாற்றுகிறது, இரண்டும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. மலிவான வகைகளில் ஆழ்ந்த சிவப்பு மிகக் குறைவு. இரும்புத்துரு ஏறிய பாறையின் அழகே அந்தச் சிவப்பில்தான் இருக்கிறது என்பதை நினைத்தால் வயிற்றெரிச்சல் வரும்.

மேலைநாட்டுக் குகையாளர்கள் பல பத்தாண்டுகள் தலையில் கார்பைடு விளக்கைக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். கால்சியம் கார்பைடில் தண்ணீர் சொட்டச் சொட்ட அசெட்டிலீன் வாயு கிளம்பும், அது எரியும். நம்மூர்த் திருவிழாக் கடைகளில் நாற்றத்தோடு எரிந்த அதே விளக்குதான். அந்த மஞ்சள் சுடரில் எந்தக் குகையும் பொன்னாகத்தான் தெரியும். எல்இடிக்கு மாறியதும் பொன் வெளுத்துச் சுண்ணாம்பாகிவிட்டது.

இதில் கண்ணும் சும்மா இருப்பதில்லை. மஞ்சள் விளக்கில் கொஞ்ச நேரம் நின்றால் கண் அந்த மஞ்சளைக் கழித்துவிட்டு, வெள்ளையை வெள்ளை என்றே சொல்லத் தொடங்கும். கேமராவுக்கு அந்தத் தாட்சண்யம் தானாக வராது, சொல்லித்தர வேண்டும். வெளிச்சம் மிகவும் குறைந்தால் வேறொன்று நடக்கிறது. செக் நாட்டு உடலியலாளர் புர்க்கினியே 1825 வாக்கில் கவனித்துச் சொன்னது இது: அந்தி மங்க மங்கச் சிவப்புப் பூக்கள் முதலில் கறுத்துப் போகும், நீலமும் பச்சையும் அதற்குப் பிறகும் மினுங்கும். மங்கலில் நமக்காக வேலை செய்யும் விழித்திரை அணுக்களுக்குச் சிவப்பு தெரியாது. அவை முழுதாக விழித்துக்கொள்ள இருபது முப்பது நிமிடங்கள் ஆகும். வழிகாட்டியின் அவசரத்தில் குகைக்குள் ஓடிவரும் நாம் இரண்டுங்கெட்டான் கண்ணோடுதான் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வெளியேறுகிறோம்.

சுண்ணாம்பு விழுதுகளின் தேன் நிறத்தை எல்லோரும் இரும்பின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். பல குகைகளில் அது மேலே இருக்கும் மண்ணின் மட்கிலிருந்து நீரோடு இறங்கிவந்த கரிம அமிலங்களின் வேலை. புறஊதா விளக்கை அடித்தால் அந்த விழுதுகளில் பல நீலவெண்மையாக ஒளிரும். வலுவான ஃபிளாஷ் ஒன்றை அடித்துவிட்டு உடனே பார்த்தால் சில கல்சைட் படிவுகள் இருட்டில் ஓரிரு நொடி தாமாக மினுங்கி அணையும். அந்த நிறத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

விளக்கு நிறத்தைக் காட்டுவதோடு நிற்காமல் வளர்க்கவும் செய்கிறது. சுற்றுலாக் குகைகளில் விளக்கை ஒட்டிய பாறையில் படரும் பச்சையைப் பார்த்திருப்பீர்கள். பாசி, ஆல்கா, விளக்கொளியை உண்டு வளர்பவை. பிரான்சின் லாஸ்கோ குகை 1940இல் கண்டுபிடிக்கப்பட்டு, 1948இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. விளக்குகளும் கூட்டத்தின் மூச்சும் சேர்ந்து பதினேழாயிரம் ஆண்டு போலப் பழமையான ஓவியச் சுவரில் பச்சை படிய வைத்தன. 1963இல் மூடிவிட்டார்கள்.

லாஸ்கோவை நினைத்ததும் என் கேள்வி திசை மாறுகிறது. போராவையும் பேலத்தையும் யாரும் பார்ப்பதற்காகச் செய்யவில்லை. அவற்றுக்குச் 'சரியான' வெளிச்சம் என்று ஒன்று கிடையாது, சிறுமையான வெளிச்சம், கண்ணியமான வெளிச்சம் என்று வேண்டுமானால் பிரிக்கலாம். ஓவியக் குகை அப்படியில்லை. அங்கே ஒரு மனிதன் ஏதோ ஒரு வெளிச்சத்தில் நின்று, இந்தச் சிவப்பு போதும், இந்த நீலம் போதாது என்று முடிவு செய்திருக்கிறான். லாஸ்கோவில் மணற்கல்லில் செதுக்கிய ஒரு கைவிளக்கே கிடைத்தது. கொழுப்பில் எரிந்த அந்தச் சுடருக்கு முன்னால்தான் அந்தக் காளைகள் பிறந்தன.

அஜந்தாவில் விஷயம் இன்னும் சிக்கல். ஐந்தாம் நூற்றாண்டுக் குகைகளின் ஓவியர்கள் பயன்படுத்தியவை செங்காவி, மஞ்சள் காவி, பச்சை மண், சுண்ணாம்பு, விளக்குக் கரி. இவற்றோடு ஆப்கானிஸ்தானத்து மலைகளிலிருந்து வந்த லாபிஸ் லாசுலி என்ற நீலக்கல். மற்றவை காலடி மண்ணிலும் அடுப்பங்கரையிலும் கிடைப்பவை. நீலம் மட்டும் நெடுந்தூரம் கடந்து வந்தது. எண்ணெய் விளக்கின் ஒளியில் நீலம் அநேகமாக இல்லை. காவிகள் அதில் கொழுந்துவிடும், விலையுயர்ந்த நீலம் சாம்பலாகிக் கறுப்புக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அவ்வளவு செலவு செய்து வாங்கிய நீலத்தை விளக்கில் அழித்துக்கொள்ள யாராவது சம்மதிப்பார்களா? வெயிலை எதையாவது கொண்டு திருப்பி உள்ளே விட்டுத்தான் தீட்டியிருப்பார்கள் என்பது என் ஊகம். கண்ணாடியோ தகடோ பிடித்து வெயிலைச் சுவருக்குத் திருப்பிவிடும் ஆட்கள் வெகுகாலம் அஜந்தாவில் இருந்தார்கள். ஆனால் முதல் குகையின் பின்சுவரில் கருவறை ஓரமாக ஓவியமாய் நிற்கும் போதிசத்துவர் பத்மபாணியிடம் துறவிகள் இரவில் அகலோடு வந்திருக்க மாட்டார்களா? அவர்கள் பார்த்த பத்மபாணி பகலின் பத்மபாணி இல்லை.

சென்னைப் படையைச் சேர்ந்த ராபர்ட் கில் 1844இல் அஜந்தாவைப் பிரதியெடுக்க அமர்த்தப்பட்டு ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடந்தார். அவர் தீட்டியவற்றில் பெரும்பாலானவை 1866இல் லண்டனின் கிறிஸ்டல் பேலஸ் தீயில் எரிந்தன. 1920களில் இத்தாலிய வல்லுநர்கள் ஓவியங்களைக் காப்பாற்ற அரக்கு வார்னிஷ் பூசினார்கள். வார்னிஷ் நாளடைவில் மஞ்சளாகிப் போனது. ஆக, விளக்கை மாற்றினாலும் சுவரின் மேலேயே ஒரு மஞ்சள் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தது. 1991இல் புகைப்படக் கலைஞர் பினாய் பெஹல் ஃபிளாஷ் இல்லாமல், குகையின் மங்கலான வெளிச்சத்தையே நீண்ட நேரம் கேமராவுக்குள் விட்டுப் படமெடுத்தபோது வெளிவந்த நிறங்களைக் கண்டு, நேரில் போய் வந்தவர்களே வியந்தார்கள். நேரில் நின்ற கண்ணுக்கு எட்டாததைக் காட்டும் படத்தை உண்மை என்பதா, கூட்டிச் சொல்வது என்பதா? எனக்கு முதலாவதுதான் சரி என்று படுகிறது. சுவரில் இல்லாத எதையும் அந்தப் படங்கள் சேர்க்கவில்லை.

நிஜச் சுவரில் விளக்கைக் கூட்டக் கூடாது, சாயம் கெடும். நகல் குகைக்கு அந்தப் பயம் இல்லை. லாஸ்கோவுக்கு 1983இலேயே அப்படி ஒன்று கட்டினார்கள். இன்றைய எல்இடிகளை எந்த நிறத்துக்கும் திருப்பலாம். அஜந்தாவின் முதல் குகையைச் சரியாக நகலெடுத்து, ஒரே சுவருக்குப் பத்து நிமிடம் வாசலிலிருந்து திருப்பிய வெயில், பத்து நிமிடம் எள்ளெண்ணெய்ச் சுடர், பத்து நிமிடம் இன்றைய வெள்ளை விளக்கு என்று மாற்றிக் காட்டினால் நான் வரிசையில் நின்று டிக்கெட் வாங்குவேன். போராவில் கையை நீட்டிய அந்தச் சிறுமியைப் போன்றவர்களுக்குப் பாதிக் கட்டணம் போடலாம்.