கார்த்தேஜிலிருந்து பொருந்தலுக்கு

உலக வரலாற்று வகுப்பில் கார்த்தேஜைப் பற்றிப் படித்த நாள் முதல் அந்நகரின் மீது எனக்கு ஒரு தனிப்பற்று. இன்றைய துனிசியா நாட்டின் கடற்கரையில், டயர் நகரத்திலிருந்து வந்த பினீசிய வணிகர்கள் அமைத்த ஊர் அது. கி.மு. 814 என்பது மரபாகச் சொல்லப்படும் ஆண்டு. அவர்கள் மொழியில் அப்பெயருக்குப் 'புதிய ஊர்' என்றே பொருளாம். நம் பக்கத்துப் புதுப்பட்டி, புத்தூர் என்பன போல! அந்தப் புத்தூர்தான் பின்னாளில் மத்தியதரைக் கடலின் மேற்குப் பகுதியை எல்லாம் தன் வணிகத்துக்குள் கொண்டுவந்தது.

அதன் முடிவு நாம் அறிந்ததே. ரோமாபுரியோடு மூன்று போர்கள். கி.மு. 218-இல் அன்னிபால் யானைகளோடு ஆல்ப்ஸ் மலையைக் கடந்தான். கி.மு. 146-இல் நகரம் தீக்கிரையாயிற்று. அந்த மண்ணில் உப்பைத் தூவி உழுதார்கள் என்று பலரும் சொல்வதுண்டு. அது பிற்காலத்தார் ஒட்டவைத்த கதை. பண்டைய ஆசிரியர் எவரும் எழுதவில்லை. என்னை உறுத்தியது வேறொன்று. அந்நகரத்தாரின் நூல்களும் அவர்களோடே அழிந்தன. மாகோ என்பவர் எழுதிய வேளாண்மை நூலை மட்டும் ரோமானிய ஆட்சி மன்றம் இலத்தீனில் பெயர்க்கச் செய்தது. அதுவும் இன்று துண்டு துணுக்காகவே கிடைக்கிறது. ஆகவே கார்த்தேஜின் கதையைப் பெரும்பாலும் அதன் பகைவர் வாயிலாகவே நாம் கேட்கிறோம். 1970-களில் யுனெஸ்கோவின் முயற்சியால் பல நாட்டு அறிஞர்கள் கூடித் தோண்டியபோதுதான், வட்ட வடிவான போர்த் துறைமுகத்தின் அடித்தளமும் கப்பல்களை ஏற்றி நிறுத்திய கொட்டில்களின் தடயங்களும் வெளிப்பட்டன. ஏடு பேசாததை மண் பேசிற்று.

இதை எல்லாம் நடத்தி முடித்த எங்கள் பேராசிரியர், "கார்த்தேஜ் செழித்திருந்த அந்நாளில் நம் திண்டுக்கல் சீமையில் என்ன நடந்தது?" என்று கேட்டார். வகுப்பில் அமைதி. ஒருவர் மலைக்கோட்டை என்றார். அது நாயக்கர் காலத்தது. ஈராயிரம் ஆண்டு தள்ளி நிற்கிறது! பேராசிரியர் சிரித்துவிட்டு, "பொருந்தலுக்குப் போய் வாருங்கள்" என்றார்.

அடுத்த சனிக்கிழமை நண்பர்கள் நால்வர் பழனிப் பேருந்தில் ஏறினோம். ஏறத்தாழ 60 கிலோமீட்டர். பழனியிலிருந்து தென்மேற்கே 12 கிலோமீட்டர் சென்றால் மலையடிவாரத்தில் பொருந்தல். பாலாறு–பொருந்தலாறு அணையின் பெயரில் பாதி இவ்வூருக்கு உரியது. பொருந்தில் இளங்கீரனார் என்ற சங்கப் புலவரின் ஊரும் இதுவே என்பர். ஊரை ஒட்டி ஒரு மேடு. மக்கள் அதனைப் பாசிமேடு என்கிறார்கள். அறிஞர்கள் வருவதற்கு முன்பே மழைக்குப் பின் மண்ணில் மினுங்கும் பாசிகளைக் கண்டு ஊரார் இட்ட பெயர்! தொல்லியல் துறைக்கு முதல் துப்புக் கொடுப்பது பெரும்பாலும் இத்தகைய பெயர்கள்தாம் என்பது என் எண்ணம்.

புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் 2009, 2010 ஆண்டுகளில் இங்கே அகழாய்வு நடந்தது. மேட்டில் கண்ணாடிப் பாசி செய்த உலையின் தடயமும், 2,000-க்கு மேற்பட்ட கண்ணாடிப் பாசிகளும் கிடைத்தன. சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் எனப் பல நிறங்கள். ஆக, இது பாசி வாங்கி அணிந்த ஊர் மட்டுமன்று, செய்து விற்ற ஊர். ஈமக்குழி ஒன்றில் கிடைத்த பொருள்களே நாட்டைத் திரும்பிப் பார்க்க வைத்தன. நான்கு கால் கொண்ட ஒரு சாடி; அதற்குள் சுமார் 2 கிலோ நெல். உடன் ஒரு பிரிமனை. அதன் மேல் தமிழ்ப் பிராமி எழுத்தில் 'வய்ர' என்ற சொல். அந்த நெல்லை அமெரிக்க ஆய்வுக்கூடம் ஒன்றுக்கு அனுப்பிக் கரிமக் கணிப்புச் செய்தபோது கி.மு. 490 என்று விடை வந்தது. கார்த்தேஜின் கப்பல்கள் சிசிலித் தீவுக்குப் படை ஏற்றிச் சென்ற தலைமுறை அது.

இங்கே சற்று நின்று பேச வேண்டும். நம்மவர் பலர் இந்த ஆண்டைக் கேட்டதும் மேசையைத் தட்டுகிறார்கள். காலம் கணிக்கப்பட்டது நெல்லுக்கு, எழுத்துக்கு அன்று. ஒரே குழியில், ஒரே சடங்கில் வைத்தவை என்பதால் எழுத்தும் அக்காலத்தது என்பது ஒரு சாரார் வாதம். ஒரு கணிப்பை மட்டும் கொண்டு அசோகர் கல்வெட்டுகளுக்கு முந்தியது என்று சொல்லிவிட முடியாது என்பது மறுசாரார் வாதம். பின்னர் பொருந்தலின் இன்னொரு நெல் மாதிரி கி.மு. 450 என்று காட்டிற்று. கீழடியின் ஒரு மாதிரி கி.மு. 580 வரை செல்வதாக 2019-இல் அறிவிக்கப்பட்டது. எனக்கு முதல் சாராரே சரி என்று படுகிறது. ஆயினும் மறுசாராரைத் தமிழ்ப் பகைவர் என்று ஏசுவது வரலாற்று மாணவனுக்கு அழகன்று. ஒவ்வொரு மாதிரியாகச் சேர்த்துக்கொண்டு போவதே வழி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கார்த்தேஜ் கப்பல் எதுவும் நம் கரைக்கு வந்ததாகக் கொள்ள இடமில்லை. அதனை அழித்த ரோமானியர்தாம், எகிப்தைப் பிடித்த பிறகு, மிளகுக்காக முசிறிக்கு வந்தனர். செங்கடல் கரையிலுள்ள பெரெனிகேயில் ஏழு கிலோவுக்கு மேல் மிளகு ஒரு சாடியோடு தோண்டி எடுக்கப்பட்டிருக்கிறது. பாண்டிய நாட்டிலிருந்து சேர நாட்டுக் கடற்கரைக்குச் சென்ற பெருவழியில் பொருந்தல் ஒரு நிறுத்தம் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். பெருவழி என்றவுடன் பெரிதாக ஏதும் கற்பனை செய்ய வேண்டாம். வரும் வழியில் ஒட்டன்சத்திரம் சந்தையில் முருங்கைக்காயும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு கேரளத்துக்குப் புறப்படும் லாரிகளைப் பார்த்தோமே, அவ்வளவுதான். பொதிமாட்டுக்குப் பதில் டீசல்!

மேட்டில் நாங்கள் சுற்றிக்கொண்டிருந்தபோது ஆடு மேய்த்த மூதாட்டி ஒருவர் அருகில் வந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து மூன்று பாசிகளைக் காட்டினார். கடுகினும் சற்றுப் பெரியவை. ஒன்று செம்பவளம் போல் இருந்தது. நண்பர் ஒருவர் ஐம்பது ரூபாயை எடுத்து நீட்டினார்.

"வேண்டாம்பா," என்று நான் அவர் கையைப் பிடித்தேன். "கிடந்த இடத்தை விட்டுப் பெயர்த்தால் இது வெறும் பாசி. மண்ணோடு இருந்தால்தான் காலம் சொல்லும்."

"காசு எதுக்குக் கண்ணு?" என்றார் மூதாட்டி. "இது யாருதுன்னு சொல்லு, அவங்ககிட்டயே குடுத்துர்றேன்."

எங்களுக்கு விடை சொல்லத் தெரியவில்லை. நம் மாவட்ட அருங்காட்சியகக் காப்பாட்சியரிடம் சேர்க்கலாம் என்று பேசி, அவை கிடைத்த இடத்தைக் கேட்டோம். அவர் முன்னால் நடந்து, உழவு சாலோரம் ஓரிடத்தைக் காலால் தொட்டுக் காட்டினார். நண்பர் அதனைக் குறிப்பேட்டில் வரைந்துகொண்டார். வேப்ப மரத்திலிருந்து 22 அடி, வாய்க்காலிலிருந்து 9 அடி.