உப்பும் உருக்கும்

எங்கள் சித்தூர் மாங்காய்க்குப் பெயர்போன சீமை. வீட்டில் எத்தனை எவர்சில்வர்ப் பாத்திரங்கள் இருந்தாலும் என் அன்னையார் ஊறுகாயைப் பீங்கான் ஜாடியில்தான் இடுவார். உப்புப் பட்டால் எவர்சில்வரும் பொத்துப்போகும் என்பது அவர் கட்சி. திருப்பதியில் வேதியியல் பயில வந்த பின்னரே அதன் காரணம் எனக்கு விளங்கிற்று.

எவர்சில்வரைக் காப்பது அதிலுள்ள குரோமியம். காற்றுப் பட்டதும் கண்ணுக்குப் புலனாகாத மெல்லிய ஆக்சைடுப் போர்வை அதன்மேல் படிகிறது. உப்பிலுள்ள குளோரைடு அந்தப் போர்வையைக் கிழித்துவிடும். பாத்திரமாயின் சிறு குழி விழும், அவ்வளவே. ஆனால் பற்றவைத்த குழாயில் இழுவிசையும் சூடும் உடன்சேர்ந்தால் விரிசலே கண்டுவிடும். வெளியே பளபளப்புக் குன்றாது. உள்ளே பிளவு ஓடிக்கொண்டிருக்கும். பொல்லாத நோய் அல்லவா?

இதில் எனக்கு இத்தனை அக்கறை ஏன் எனில், என் அண்ணன் கல்பாக்கத்தில் குழாய் பற்றவைப்பவர். "அந்தக் கதிர் என் பிள்ளையை என்ன செய்யுமோ?" என்று அம்மா கலங்குவார். "கதிர் இருக்கட்டும் அம்மா, வேர்வைக் கையோடு எஃகைத் தொட்டால் மேஸ்திரி விடமாட்டார், அதிலும் உப்பு இருக்கிறதாம். சுத்தமான கையுறை போட்டுத்தான் தொடுகிறோம்" என்றார் அண்ணன். கடற்கரை ஊர், அங்கே காற்றே உப்பு!

கல்பாக்கத்தில் 1985இல் இயங்கத் தொடங்கிய சோதனை ஈனுலையிலும், பின்னர் எழுப்பிய 500 மெகாவாட் முன்மாதிரி ஈனுலையிலும் வெப்பத்தைச் சுமப்பது உருகிய சோடியம். தூய சோடியம் எஃகை அதிகம் அரிப்பதில்லை. ஒட்டிக்கொண்டு எஞ்சியதில் ஈரம் பட்டுக் காஸ்டிக் சோடா ஆனால்தான் வம்பு. பற்றவைப்பிலும் ஓர் ஆபத்து உண்டு. 450 முதல் 850 பாகை செல்சியஸ் வரையிலான சூட்டில் எஃகு நெடுநேரம் நின்றால், அதிலுள்ள கரி குரோமியத்தைக் கவர்ந்துகொள்ளும். அவ்விடம் காவலிழந்த மதிலாகும். ஆகவே முன்மாதிரி உலையின் பெருங்கலத்திற்குக் கரியைக் குறைத்து, வலுவுக்கு நைட்ரஜன் சேர்த்த 316 எல்.என். எஃகைக் கொண்டனர்.

நீராவி ஆக்கியில் நிலைமை இன்னும் கடுமை. குழாயின் ஒருபுறம் நீர், மறுபுறம் சோடியம். இடையே ஒரே சுவர்! விரிசல் கண்டால் இரண்டும் சீறிக் கலக்கும். அதனால் அங்கே குளோரைடுக்கு அஞ்சும் எவர்சில்வர் வகையை ஒதுக்கிவிட்டு, 9 சதவீதம் குரோமியமும் 1 சதவீதம் மாலிப்டினமும் கலந்த எஃகைத் தேர்ந்தனர். அண்ணன் இப்பொழுது அதைப் பற்றவைக்கத்தான் பயில்கிறார். முன்னும் பின்னும் பதமாகச் சூடேற்ற வேண்டுமாம். எவர்சில்வருக்குப் பழகிய கை இதற்குப் பழக நாளாகிறது என்கிறார்.