இப்போது என்ன தெரிகிறது?



இந்த வாரத் தியானத்துக்கு மாற்கு 8-ஆம் அதிகாரம் 22 முதல் 26 வரையுள்ள வசனங்களை எடுத்துக்கொண்டேன். பெத்சாயிதாவில் ஆண்டவர் ஒரு குருடனின் கையைப் பிடித்து ஊருக்கு வெளியே அழைத்துச் செல்கிறார். கண்களைத் தொடுகிறார். பின்பு, ஏதாவது தெரிகிறதா என்று அவனிடமே கேட்கிறார். நடக்கிற மனிதர்கள் மரங்களாகத் தோன்றுகிறார்கள் என்று அவன் சொல்லுகிறான். மறுபடியும் தொடுகிறார், தெளிவாகக் காண்கிறான். இப்பகுதியைப் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அவனுடைய பதிலை அவசரமாகக் கடந்து இரண்டாம் தொடுதலுக்குப் போய்விடுவேன். இம்முறை அப்படிக் கடக்க முடியவில்லை. காரணம் நம் சபையின் சகோதரி ஒருவர். அவருடைய அனுமதியோடு எழுதுகிறேன்.

அவர் தையல் தொழில் செய்கிறவர். சில மாதங்களுக்கு முன் இடது கண்ணை அசைக்கும்போதெல்லாம் உள்ளே ஒரு வலி. நான்கைந்து நாட்களுக்குள் அந்தக் கண்ணின் பார்வை, புகை சூழ்ந்த அறையைப்போல மங்கிவிட்டது. வலக்கண்ணை மூடிக்கொண்டால் சிவப்பு நூல்கண்டு வெளிறிப்போன செங்கல்லைப்போலத் தெரிந்ததாம். முதலில் பார்த்த மருத்துவர் கண்ணில் குறை ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார். சகோதரி என்னிடம் வந்தார். ஜெபித்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவருடைய குடும்பத்தில் அப்போது இருந்த சிக்கல்களை நான் அறிந்திருந்தபடியால், “கண் நன்றாக இருக்கிறதென்று மருத்துவரே சொல்லிவிட்டாரே அம்மா, கவலையைக் கர்த்தர்மேல் வைத்துவிடுங்கள்” என்றேன். நல்ல ஆலோசனை சொன்னதாகவே நினைத்துக்கொண்டேன்.

ஆனால் நோய் இருந்த இடம் வேறு. அதற்குப் பார்வை நரம்பு அழற்சி என்று பெயர். கண்ணின் பின்புறத்திலிருந்து மூளையை நோக்கிச் செல்லும் பார்வை நரம்பு, ஏறக்குறைய 10 இலட்சம் மெல்லிய இழைகளின் கட்டு. ஒவ்வோர் இழையையும் சுற்றி மையலின் என்ற கொழுப்புறை இருக்கிறது. அந்த உறை இருப்பதால்தான் விழித்திரையிலிருந்து புறப்படும் செய்தி வேகமாகப் பாய்கிறது. நம்மைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு அணுக்களே சில வேளைகளில் இந்த உறையைத் தாக்குகின்றன. உறை சிதைந்த இடத்தில் செய்தி தயங்குகிறது, சில இழைகளில் நின்றேவிடுகிறது. கண் ஒளியை ஏற்கிறது, விழித்திரை தன் வேலையைச் செய்கிறது, வழியில்தான் தடை. பெரும்பாலோருக்கு அழற்சி விழிக்குப் பின்னால் ஏற்படுவதால், கருவியால் கண்ணுக்குள் நோக்கினாலும் ஆரம்பத்தில் எதுவும் புலப்படாது. நோயாளிக்கும் ஒன்றும் தெரிவதில்லை, மருத்துவருக்கும் ஒன்றும் தெரிவதில்லை என்று கண் மருத்துவர்களிடையே ஒரு பழைய வாசகமே உண்டு.

இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர் ஒரு சிறு விளக்கை வலக்கண்ணிலிருந்து இடக்கண்ணுக்கும் மீண்டும் வலக்கண்ணுக்குமாக மாற்றி மாற்றிக் காட்டினார். ஒளி பட்டால் கண்மணி சுருங்க வேண்டும். இடக்கண்ணுக்கு விளக்கு வந்தபோது அதுவோ விரிந்தது. அந்த நரம்பு கொண்டுசென்ற ஒளிச்செய்தி அவ்வளவு பலவீனமாக இருந்தது. சகோதரி சொன்னது மெய் என்பதற்கு அவருடைய கண்மணியே சாட்சி கொடுத்தது. நான் அவருடைய வாயின் வார்த்தையை நம்பியிருக்க வேண்டும்.

ஊசிவழி ஸ்டீராய்டு மருந்து கொடுத்தார்கள். (இதை வாசிப்பவர்களில் யாருக்காவது இப்படி நேர்ந்தால் மருந்துக்கடையில் மாத்திரை கேட்டு வாங்காதீர்கள். அமெரிக்காவில் 457 பேரிடம் செய்து 1992-இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான அளவில் மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்கு நோய் திரும்ப வருவது அதிகமாயிருந்தது. ஊசி மருந்து பார்வையை விரைவாய்த் திருப்பித் தந்தது; ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, மருந்து எடுக்காதவர்களின் பார்வையும் ஏறக்குறைய அதே அளவுக்கு வந்திருந்தது. ஆனாலும் இந்த அழற்சியில் பல வகைகள் உண்டு. சிலவற்றில் தாமதித்தால் பார்வை நிரந்தரமாய்ப் போய்விடும். அன்றே மருத்துவரிடம் போங்கள்.)

சில வாரங்களில் சகோதரி எழுத்துப் பலகையின் கடைசி வரி வரை வாசித்துவிட்டார். நான் மகிழ்ந்து, வருகிற ஞாயிறன்று சாட்சி சொல்லுங்கள் என்றேன். அவர் தயங்கினார். “ஐயா, தெரிகிறது. ஆனால் சிவப்பு இன்னும் சிவப்பாக இல்லை. எதிரே வருகிற வண்டி என் பக்கமாக வளைந்து வருவதுபோல இருக்கிறது. வெயிலில் நடந்தால் மறுபடியும் மங்குகிறது” என்றார். அதையெல்லாம் சொன்னால் கேட்பவர்களின் விசுவாசம் தளர்ந்துபோகுமே என்றேன். ஆம், அப்படித்தான் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் போய்விட்டார்.

பின்பு மருத்துவர் விளக்கியபோதுதான் எனக்குப் புரிந்தது. உடற்சூடு ஏறினால், உறை சிதைந்த நரம்பில் செய்தி இன்னும் தடுமாறும். ஜெர்மானியக் கண் மருத்துவர் ஊத்தோஃப் இதை 1890-லேயே பதிவு செய்திருக்கிறார். கறுப்பு வெள்ளைக் கட்டங்களைத் திரையில் மாற்றிக் காட்டி, தலையின் பின்புறத்தில் மின்முனைகளை வைத்துச் செய்தி வந்து சேரும் நேரத்தை அளக்கும் ஒரு சோதனையும் உண்டு. சாதாரணமாக ஏறக்குறைய 100 மில்லி விநாடியில் வரும் அலை, இவர்களுக்குப் பிந்தி வரும். பார்வை திரும்பிய பின்னும் பலருக்கு அந்தத் தாமதம் நீடிக்கிறது. ஒரு கண்ணின் செய்தி முந்தியும் மற்றதன் செய்தி பிந்தியும் வருவதால், நேராகச் செல்லும் பொருள் வளைந்து செல்வதாக மூளை கணக்கிடுகிறது.

இந்த மாயத்தோற்றத்தை 1922-இல் விளக்கியவர் கார்ல் புல்ஃப்ரிக், ஜெர்மனியின் யேனா நகரில் சைஸ் நிறுவனத்தில் பணிபுரிந்த இயற்பியலாளர். ஒரு கண்ணுக்குமுன் கறுப்புக் கண்ணாடியை வைத்துக்கொண்டு ஊசற்குண்டைப் பார்த்தால், நேர்கோட்டில் ஆடும் அது நீள்வட்டமாய்ச் சுற்றுவதுபோலத் தெரியும். இதைக் காண இரண்டு கண்ணும் வேண்டும். புல்ஃப்ரிக்குக்கோ ஒரு கண்ணில்தான் பார்வை இருந்தது. தாம் ஒருபோதும் காண இயலாத ஒன்றை, கண்டவர்களின் வார்த்தையை நம்பி ஆராய்ந்திருக்கிறார். அதை அறிந்த அன்று இரவு எனக்கு நெடுநேரம் தூக்கம் வரவில்லை.

பெத்சாயிதாவின் மனிதன் மரியாதைக்காகவாவது, “தெரிகிறது ஆண்டவரே” என்று சொல்லியிருக்கலாம். தொட்டவர் தேவகுமாரன் அல்லவா? ஆனாலும் அவன் தெரிந்ததைத் தெரிந்தபடியே சொன்னான். ஆண்டவர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. நானோ அந்தச் சகோதரியிடம் கேட்டது, என் சபைக்கு ஏற்ற ஒரு பதிலை.

அவர் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். எப்போது விருப்பமோ அப்போது, உள்ளது எதுவோ அதையே சொல்லுங்கள் என்றேன். கடந்த ஞாயிறன்று எழுந்து நின்றார். இடக்கண்ணில் எழுத்துத் தெரிகிறதென்றும், சிவப்பு நூலை இன்னும் வலக்கண்ணால் பார்த்தே எடுக்கிறாரென்றும், இனி வராது என்று மருத்துவர் உறுதி கொடுக்கவில்லையென்றும், இம்மட்டும் நடத்தின கர்த்தருக்கு நன்றி என்றும் சொல்லி அமர்ந்தார். ஆமென் சொல்வதா வேண்டாமா என்று சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டீர்கள்.

ஒரு வேண்டுகோள். மாலை ஆராதனை முடிந்து அவர் பிரதான சாலையைக் கடந்துதான் வீட்டுக்குப் போக வேண்டும். எதிரே வரும் வண்டிகளின் விளக்கு அவருக்குச் சிரமமாயிருக்கிறது. அந்தப் பக்கம் செல்லுகிறவர்கள் உடன் செல்லுங்கள். எந்தப் பக்கமாய் நடந்து வருவது என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.