வலது கால் கட்டைவிரல்

ஜூன் 12

அப்பாவின் வலது கால் கட்டைவிரல் கறுத்துவிட்டது. போன மாதம் செருப்பு கடித்த இடம், ஆறவே இல்லை. உள்ளூர் டாக்டர் பார்த்துவிட்டு, "சர்க்கரைப் புண்ணுங்க. விரலை எடுத்துடலாம். விட்டா பாதம் வரைக்கும் ஏறிடும்" என்றார். அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். "காலுல கத்தி வைக்க விடமாட்டேன்." அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. சின்னாளப்பட்டியில் ஆயுள் முழுக்கக் குழித்தறியில் மிதி போட்ட கால் அது.

ஜூன் 13

யாரோடும் பேச்சில்லை. பீடி மட்டும் நிற்கவில்லை.

ஜூன் 15

மதுரையில் ரத்தக்குழாய் டாக்டர் முதலில் செய்த காரியம், புண்ணை விட்டுவிட்டுப் பாதத்தின் மேல்புறம் இரண்டு விரல்களை வைத்தது. பிறகு கணுக்காலின் உள்பக்கம். இரண்டு இடத்திலும் நாடி இல்லை. இத்தனை நாளில் வேறு யாரும் அங்கே தொட்டுப் பார்க்கவில்லை என்றாள் அம்மா.

"நடந்தா கெண்டைக்கால் வலிக்குமா ஐயா? நின்னா விட்டுடுமா?" அப்பா தலையாட்டினார். கூட்டுறவு சங்கத்துக்குப் போகும் வழியில் டீக்கடை வாசலில் அவர் நின்று நின்று போனதெல்லாம் இதனால்தான். வீட்டில் அதை வாதம் என்றார்கள். அம்மா தைலம் தேய்த்தாள். சில மாதமாக ராத்திரியில் கட்டிலுக்கு வெளியே காலைத் தொங்கவிட்டுத் தூங்குகிறார். கீழே தொங்கினால் புவியீர்ப்பில் கொஞ்சம் ரத்தம் இறங்கும், வலி குறையும். யாரும் சொல்லிக்கொடுக்காமல் உடம்பு கண்டுபிடித்த வைத்தியம்.

கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்துப் பார்ப்பார்கள். 0.9க்குக் கீழே வந்தால் கால் தமனியில் அடைப்பு. அப்பாவுக்கு 1.1. அண்ணன் முகம் மலர்ந்தது. டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. நாள்பட்ட சர்க்கரையில் தமனியின் சுவரில் சுண்ணாம்பு படிந்து இறுகிவிடும். பட்டையால் நெரித்தாலும் நசுங்காது. எண் பொய் சொல்லும். கால்விரலில் ரத்த அழுத்தத்தைத் தனியாக அளந்தார். 28. அங்கே 30க்குக் கீழே போனால் புண் தானாக ஆறும் நம்பிக்கை மிகக் குறைவு.

ஜூன் 16

தொடைத் தமனியில் ஒரு நீளத்துக்கு முழு அடைப்பு. முழங்காலுக்குக் கீழே ஒரு குழாய் மட்டும் மெலிந்து ஓடுகிறது. கிரியேட்டினின் 1.6, சிறுநீரகம் தளர்ந்திருக்கிறது, அதனால் படத்துக்கான சாயமருந்தைக் குறைவாகத்தான் செலுத்த முடியும்.

காலின் சொந்தச் சிரையை எடுத்துப் பைபாஸ் போடுவதா, துளை வழியாகப் பலூனைச் செலுத்தி அடைப்பை விரிப்பதா? 2022இல் வந்த பெஸ்ட்-சிஎல்ஐ ஆய்வு, நல்ல சிரை இருந்தால் பைபாஸே மேல் என்றது. மறுவருடம் வந்த பேசில்-2, முழங்காலுக்குக் கீழே அடைப்புள்ளவர்களுக்கு முதலில் பலூன் போவதே நல்லது என்றது. இதைச் சொன்ன டாக்டரிடம் தயக்கம் இல்லை. அப்பாவின் சிரை பைபாஸுக்கு உதவாத அளவு மெலிந்திருக்கிறது. ஆகவே பலூன்.

ஜூன் 18

அண்ணனுக்குக் கோபம். அப்பாவின் பிடிவாதத்தால்தான் இவ்வளவு அலைச்சலாம். ஆனால் இந்த வைத்தியமே ஒரு கிழவியின் பிடிவாதத்தில் பிறந்ததுதான்.

1964 ஜனவரி 16. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் போர்ட்லண்ட் நகரம். 82 வயதுப் பெண்மணி, விரல்கள் அழுகிய பாதம். காலை எடுக்க வேண்டும் என்றார்கள், அவர் மறுத்துவிட்டார். சார்லஸ் டாட்டர் என்ற கதிரியக்க மருத்துவரிடம் அனுப்பினார்கள். படம் எடுத்து நோயைக் காட்டுவதுதான் அந்தத் துறையின் வேலை என்றிருந்த காலம். டாட்டர் அடைப்பு வழியே ஒரு கம்பியை நுழைத்து, அதன்மேல் ஒன்றைவிட ஒன்று பருமனான டெஃப்லான் குழாய்களைச் செலுத்திப் பாதையை அகலப்படுத்தினார். பாதம் சூடானது, புண் ஆறியது. இரண்டு வருடத்துக்கு மேல், சாகும்வரை அந்தப் பெண்மணி சொந்தக் காலில் நடந்தார்.

அமெரிக்க அறுவை மருத்துவர்கள் மசியவில்லை. படம் எடுத்துக் கொடு, சரிசெய்யப் போகாதே என்று அவருக்கு எழுதியனுப்பியவர் உண்டு. ஐரோப்பாவில்தான் முறை வேர்விட்டது. சூரிக் நகரில் ஆண்ட்ரியாஸ் க்ருன்ட்சிக் தன் வீட்டுச் சமையலறை மேசையில் பலூன்களைச் செய்து பார்த்து, 1974இல் முதன்முதலாகக் கால் தமனியில் வைத்தார். இதயத்துக்குப் பலூன் போனது 1977இல். கால்தான் முந்தி.

அண்ணன் இதைக் கேட்டுவிட்டு எழுந்து வெளியே போனான்.

ஜூன் 20

மயக்கமில்லை, தொடை இடுக்கில் மரத்துப்போக ஓர் ஊசி மட்டும். பேனா நுழையும் அளவுகூட இல்லாத துளை. திரையில் எல்லாம் தெரிந்ததாம். "தறி விழுதுல நூல் கோக்குற மாதிரிதான், கம்பி தட்டுது, திரும்புது, வேற வழி பாக்குது" என்று அப்பா ஆசையாகச் சொன்னார். பல நாளுக்குப் பிறகு நீளமான பேச்சு.

தொடையில் பேக்ளிடாக்சல் மருந்து பூசிய பலூன். குழாய் மறுபடி சுருங்குவதை அது தாமதப்படுத்தும். அந்த மருந்தால் மரணம் கூடுகிறதோ என்று 2018 கடைசியில் ஒரு பெரிய அச்சம் கிளம்பியது. கூடுதல் தரவுகளைப் பார்த்துவிட்டு, 2023 ஜூலையில் அமெரிக்க மருந்துத் துறை அந்த அச்சத்துக்கு ஆதாரமில்லை என்றது. அம்மா சாமியிடம் கேட்டுக்கொண்டாள்.

ஜூன் 21

பாதம் சூடாக இருக்கிறது! அம்மா அடிக்கடி தொட்டுப் பார்க்கிறாள்.

ஜூன் 24

கறுத்த விரல் பிழைக்காது என்றார்கள். செத்த சதைக்கு ரத்தம் வந்தும் பயனில்லை. அப்படியென்றால் இவ்வளவும் எதற்கு என்று நெஞ்சு வெந்துவிட்டது.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். ரத்தம் வராத காலில் விரலை எடுத்திருந்தால் வெட்டிய இடமும் ஆறியிருக்காது. அடுத்து பாதம், அப்புறம் முழங்கால். இப்போது எடுத்தால் விரலோடு நிற்கும். முதலில் ரத்தம், பிறகுதான் கத்தி.

கையெழுத்துப் போடும் தாளை நீட்டியதும் அப்பாவே வாங்கிப் போட்டார்.

ஜூலை 2

பக்கத்துக் கட்டிலில் 34 வயதுப் பையன். சர்க்கரை கிடையாது. நாள் முழுக்கப் பீடி. இரண்டு கால்களிலும் புண். பர்ஜர் நோய். பாதத்தின் சிறு குழாய்கள் வரை அடைத்துவிடுவதால் பலூன் போய்ச்சேர நல்ல இடம் கிடைப்பதே கடினம். புகையிலையை அறவே விட்டால் கால் மிஞ்சலாம், விடாவிட்டால் மிஞ்சாது. அவன் பெண்டாட்டி அதைக் கேட்டு அழுதாள். அப்பா போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டார்.

ஜூலை 3

வீடு.

ஆகஸ்ட் 9

வெட்டிய இடம் மூடிவருகிறது. ஆஸ்பிரின், குளோபிடோகிரல், கொழுப்பு மாத்திரை. புண் முழுக்க ஆறியதும் நடக்கவேண்டும்: வலி வரும்வரை, நின்று, மறுபடி. பக்கக் கிளைக்குழாய்களும் தசையும் அப்படித்தான் பழகிக்கொள்ளுமாம். திறந்த குழாய் மறுபடி சுருங்கலாம் என்பதால் செப்டம்பரில் ஸ்கேன். இடது காலிலும் நாடி மங்கல்.

சட்டையில் பீடி வாடை. கேட்டதற்கு, டீக்கடையில் பக்கத்தில் நின்றவன் குடித்தானாம்.

ஆகஸ்ட் 17

சங்கத்தில் பாவு கேட்டுவிட்டு வந்திருக்கிறார். அம்மா தறியை விற்கச் சொல்கிறாள். நான்கு விரலில் மிதி போட முடியுமா என்று டாக்டரிடம் கேட்டுவிடலாம் என்கிறான் அண்ணன். அப்பாவுக்குக் கேட்க விருப்பமில்லை. அம்மா மதியம் சாப்பிடவில்லை.