ஊருக்குள்ளேயா, காலனியா?

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை. ஏர்வாடியில் ஓலைக் கொட்டகை தீப்பிடித்தபோது, மனநோயாளிகள் என்று சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். சங்கிலியை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்துவிட்டது. ஆனாலும் எங்கள் ராமநாதபுரத்தில் மனநலம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது அதுதான். கவுன்சலிங் போகிறேன் என்று வீட்டில் சொல்ல எங்கள் பிள்ளைகள் தயங்குகிறார்கள். சொல்லாமலே மதுரைக்குப் பஸ் ஏறுகிறார்கள். எங்களில் சிலரும் போயிருக்கிறோம்.

அங்கே என்ன நடக்கிறது? ஃப்ராய்டிலிருந்து வளர்ந்த சைக்கோடைனமிக் முறையில் மாத்திரை இல்லை, அறிவுரையும் அதிகம் இல்லை. வாரந்தோறும் அதே நேரம், அதே நாற்காலி, சுமார் 50 நிமிடம். மனதில் வருவதை வடிகட்டாமல் பேச வேண்டும். நாள் போகப் போக, அப்பாவிடமோ வாத்தியாரிடமோ பட்ட பயமும் கோபமும் எதிரே இருப்பவர் மேல் திரும்பும். இதை டிரான்ஸ்ஃபரன்ஸ் என்கிறார்கள். நல்ல சிகிச்சையாளர் கோபப்படமாட்டார், விலகவும் மாட்டார். "நானும் திட்டுவேன்னு நினைக்கிறீங்களா?" என்று அதையே பேச்சுக்கு எடுப்பார். பழைய பயம் இந்த முறை வேறு மாதிரி முடியும். சிகிச்சையாளருக்குள் கிளம்பும் உணர்வுக்குக் கவுன்டர் டிரான்ஸ்ஃபரன்ஸ் என்று பெயர். அதை அவர் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

சாதி இங்கேதான் உள்ளே வருகிறது. எங்கள் தோழர் ஒருவரிடம் முதல் நாளே, "எந்த ஊரு? ஊருக்குள்ளேயா, காலனியா?" என்று கேட்டார் சிகிச்சையாளர். பதிலைக் குறித்துக்கொண்டார், அவ்வளவுதான். அடுத்த மூன்று வாரமும் தோழர் நாற்காலி நுனியிலேயே உட்கார்ந்தார். அப்பா மேல் உள்ள பயம் என்று விளக்கம் வந்தது. அப்பாவா? 2011 செப்டம்பர் 11, இமானுவேல் சேகரன் நினைவு நாளில் பரமக்குடியில் போலீஸ் சுட்டதைப் பார்த்து வளர்ந்தவருக்கு அதிகாரத்தின் முன் உடம்பு இறுகுவது அப்பாவால் மட்டும் வந்ததா? கறுப்பின மனநல மருத்துவர் ஃப்ரான்ஸ் ஃபனோன், மனக்காயத்தின் வேரைச் சமூகத்திலும் தேடச் சொல்லி 1952-லேயே எழுதிவிட்டார்.

அதற்காக இந்த முறையே மேல்சாதிச் சரக்கு என்று தூக்கி எறிய நாங்கள் தயாரில்லை. நான்காவது வாரம் தோழர் சொன்னார்: "நீங்க காலனியான்னு கேட்டதுலேருந்து எனக்குப் பேச்சு வரல." சிகிச்சையாளர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பதிலைக் கேட்டதும் எனக்கும் சங்கடமாத்தான் இருந்துச்சு. அதை மறைச்சுட்டு உங்க அப்பாவைப் பத்திப் பேசிட்டேன்" என்றார். சிகிச்சை தொடங்கியது அன்றுதான் என்கிறார் தோழர்.

போகிறவர்கள் முதல் நாளே கேளுங்கள்: "சாதியைப் பற்றி இங்கே பேசலாமா?" முகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். பிடிக்காவிட்டால் ஆளை மாற்றலாம், அது உங்கள் உரிமை. இரவில் தாங்க முடியாமல் போனால் அரசின் டெலி மானஸ் எண் 14416, தமிழிலேயே பேசலாம்.